குடிக்காதவரின் மகள்

உதவி செய்யும் வெளிநாட்டுக்காரர்களின் வேன் வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், இளைஞர் நிலையத்துப் பிள்ளைகள் கணக்கையும் விஞ்ஞானத்தையும் மூடி வைத்துவிட்டுத் தங்கள் கஷ்டங்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஹட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படியேறிப் போனால் அந்த இரண்டு மாடிக் கட்டிடம். சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து டவுன் பள்ளிக்கூடங்களுக்கு வரும் பிள்ளைகள், பாடசாலை விட்டதும் இரண்டரை மணிக்கு அங்கே வருவார்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட், வீட்டுப்பாடம், இங்கிலீஷ், கம்ப்யூட்டர். ஐந்து மணிக்கு பஸ். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி. பிரேமினியிடம் இருந்த ஆறு பேரும் அன்றைக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் 'என் வாழ்க்கை' கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா ஒரு நாளைக்கு ரெண்டு போத்தல்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டெல்லாம் ஒரு பேச்சா? எங்கம்மா குவைத்துக்குப் போயி நாலு வருசம். ஒரு போன் கோல்கூட இல்ல. எனக்குத்தான் ஸ்பொன்சர் கிடைக்கும் பாரு."

"ஏன்டி, நேத்து பஸ்ஸுல வீடியோ கோல்ல உங்கம்மாகூட சிரிச்சிக்கிட்டு வந்தியே?"

"அது அவங்களுக்குத் தெரியுமா? நீ வாய மூடிக்கிட்டு ஒங்கப்பன் போத்தல எண்ணு."

எல்லாரும் சிரித்தார்கள். கேஷிகா மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. அந்த ஆறு பேரில் நன்றாக இங்கிலீஷ் வருவது அவளுக்குத்தான். "அக்கா, எங்க வீட்ல ஒண்ணுமே நடக்கலியே. நான் எதை எழுதுறது?" என்றாள்.

அதே கேள்வியைப் பதினொரு வருஷத்துக்கு முன்னால், அதே மேசையில் பிரேமினியும் கேட்டிருக்கிறாள்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். அப்பா அழகன் தேயிலை பெக்டரியில் வேலை. அம்மா மீனம்மா கொழுந்து பறிப்பவள், மழைக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வந்து படுத்துவிடுவாள். பிரேமினி தன் கட்டுரையில், அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் தன்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவதையும், மழையென்றால் தலைக்கு யூரியா உரப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் எழுதியிருந்தாள். நிலையத்தின் பணிப்பாளர் ஜெயலெட்சுமி மேடம் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். டவுனில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். குரலை உயர்த்தியே பேசமாட்டார்.

"அழகா எழுதியிருக்க. ஆனா இதுல கஷ்டம் எங்க இருக்கு?"

"மழையில நிப்பாருங்க மேடம்."

"எல்லாரும்தான் மழையில நிக்கிறாங்க. அப்பா குடிப்பாரா?"

"இல்லைங்க மேடம்."

"லயத்துல இருந்துக்கிட்டுக் குடிக்காத அப்பாவா?" மேடம் சிரித்தார். "கொஞ்சம்கூடவா இல்ல? தீவாளிக்கு?"

"இல்லைங்க."

"சரி. நாடகத்துல ஒருத்தர் ராஜா வேஷம் போட்டா அவர் ராஜாவா ஆயிடுறாரா? அந்த மாதிரிதான். எழுது. நான் சொல்றேன்."

மேடம் சொன்னபடியே அப்பாவைக் குடிகாரராக்கி எழுதினாள். கட்டுரைக்கு ஸ்பொன்சர் கிடைத்தது. உயர்தரப் பரீட்சை முடிக்கும் வரை புத்தகம், சப்பாத்து, பஸ் சீசன் டிக்கெட். பிறகு கண்டியில் இரண்டு வருஷ இங்கிலீஷ் டிப்ளோமா. படிப்பு முடிந்ததும் அதே நிலையத்தில் வேலை. நிலையத்தின் சிறு புத்தகத்தில் முதல் பக்கம் அவளுடையது. வேன் வரும்போதெல்லாம் எழுந்து நின்று அந்தக் கதையைச் சொல்வது அவளுடைய வேலைகளில் ஒன்று. ஒரு தடவை வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் கண் கலங்கி, "இப்போது அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டபோது, அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், "நிலையத்தின் ஆலோசனையால் குடியை விட்டுவிட்டார்" என்று அவளாகவே சேர்த்துச் சொன்னாள். மேடம் அன்றைக்கே அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.

அழகனுக்கு இது எதுவும் தெரியாது. இங்கிலீஷில் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தார். அவ்வளவுதான்.

லயத்தில் அவரைப் பற்றிக் கேட்டால் யாரும் முதலில் சொல்வது அவர் குடிக்கமாட்டார் என்பதைத்தான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கல்யாண வீட்டில் விழுந்து கிடப்பவர்களைத் தோளில் போட்டு வீடு சேர்ப்பவர் அவர்தான். சேர்த்துவிட்டு மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் நின்று, "என்னய்யா, ராத்திரி சாக்கடைக் கான்ல படுத்துக்கிட்டு யாருக்கு சலாம் போட்ட?" என்று நாலு பேர் கேட்கக் கேட்பார். அதனால் அவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நம்புவார்கள்.

போன வருஷம் அவருக்கு அறுபது முடிந்தது. தோட்டத்து வேலையாள் பட்டியலில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். மீனம்மாவின் பேர் அதற்கு முன்பே இழுப்பினால் போய்விட்டது. வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பேர் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடைக்கும். புதிதாக வந்த தோட்டத்துத் தொரை ஆளனுப்பினார். மூன்று மாதத்தில் காம்பராவைக் கொடுத்துவிட வேண்டும். வேலைக்கு ஆள் இருக்கிற குடும்பம் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது. தோட்டத் தலைவரிடம் போனார்கள், யூனியன் ஒபிசுக்குப் போனார்கள். மூன்று மாதம் என்பது நான்கு மாதமானது, அதற்கு மேல் நகரவில்லை. டவுனில் வாடகைக்கு எடுக்க பிரேமினியின் சம்பளம் காணாது.

அந்த நேரத்தில்தான் நிலையத்தின் காவல்காரர் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்கு மகனிடம் போனார். கேட்டுக்குப் பக்கத்தில் அவர் இருந்த அறை காலியானது. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, வெளியில் பைப். வேலையோடு சேர்ந்தது அந்த அறை.

"நான் வந்து கேக்குறேன்," என்றார் அழகன். "நீ ஒண்ணும் சொல்லாத. மக சொல்லி வேல வாங்கினான்னு பேர் வேணாம்."

அவளால் தடுக்க முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேடத்தின் மேசை முன்னால் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எனக்குக் குடிப்பழக்கம் கெடையாதுங்க மேடம். தோட்டத்துல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

ஜெயலெட்சுமி மேடம் பிரேமினியைப் பார்த்தார். பிரேமினி ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்லதுங்க," என்றார் மேடம். "யோசிச்சு சொல்றேன்."

அழகன் போனபின் மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். "ஒங்கப்பா கேட்டுல நின்னா வர்றவங்க எல்லாரும் அவர்கிட்டதான் பேசுவாங்க. முதல் பக்கத்துல இருக்கிறவராச்சே. ஒண்ணு அவர் இங்க இருக்கக் கூடாது. இல்லாட்டி கதையோட இருக்கணும். அடுத்த மாசம் பெரிய வேன் வருது. அவர மேடையில ஏத்து. ரெண்டு வார்த்தை பேசட்டும். அன்னைக்கே அறைச் சாவியக் கொடுக்கிறேன்."

"அவருக்குத் தெரியாதுங்க மேடம்."

"என்ன தெரியாது?"

"எழுதினது."

மேடம் மெதுவாகச் சொன்னார், "தெரியவே வேணாமே. நீதானே மொழிபெயர்க்கிற."

அந்த ஒரு மாதத்தில் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு முப்பது இரவுகள் இருந்தன. முப்பதிலும் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள், படுத்துக்கொண்டாள். "நம்ம குடும்பத்தப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்பா, அவ்வளவுதான்," என்று மட்டும் சொல்லியிருந்தாள். அழகன் குளிக்கும்போதெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. மண்டபம் நிறையப் பிள்ளைகள். முன் வரிசையில் ஏழு வெளிநாட்டுக்காரர்கள், ஆளுக்கொரு மாலை. கடைசி வரிசையில், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில், அவர்களைக் கொண்டுவந்த வேன் டிரைவர். நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். அவர் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. டிரைவர்களை யார் கவனிக்கிறார்கள்?

அழகன் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. முப்பத்தெட்டு வருசம் பெக்டரியில வேல செஞ்சேன். என் நாக்குல ஒரு சொட்டு சாராயம் பட்டது கெடையாது."

பிரேமினி அதை இங்கிலீஷில் சொன்னாள். வணக்கம் சொன்னாள், முப்பத்தெட்டு வருஷம் சொன்னாள். மூன்றாவது வசனத்துக்கு, "உழைத்ததையெல்லாம் குடித்தேன்" என்று சொன்னாள். வசனத்தின் நீளம் மாறக்கூடாது. அப்பா மூன்று சொன்னால் அவளும் மூன்று சொல்ல வேண்டும். அதை நன்றாகப் பழகி வைத்திருந்தாள்.

"எங்க லயத்துல குடிக்காத ஆள் நான் ஒருத்தன்தான். கேலி பண்ணுவாங்க. பொம்பளப் புள்ளைய வெச்சிருக்கேன், எனக்கு எதுக்குய்யா அதுன்னு சொல்லுவேன்."

"எங்கள் லயத்தில் மிக மோசமான குடிகாரன் நான்தான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பெண் பிள்ளை இருக்கிறாள் என்பதுகூட நினைவிருக்காது."

பின் வரிசைப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காதில் சொன்னார்கள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. கேஷிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பிரேமினியையே பார்த்தாள்.

"இவ படிச்சு இப்படி நிக்கிறத பாக்க ரொம்ப சந்தோசமா இருக்கு. நான் செஞ்சது ஒண்ணுமில்ல. ஒழுங்கா இருந்தேன், அவ்வளவுதான்."

"இவள் இப்படி நிற்பதைப் பார்க்க எனக்குத் தகுதியில்லை. எல்லாவற்றையும் செய்தது இந்த நிலையம். என்னையும் ஒழுங்காக்கியது, அவ்வளவுதான்."

ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வயதான அம்மா மேடைக்கு வந்து அழகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அழகனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"என்ன சொல்றாங்க?" என்று மகளைக் கேட்டார்.

"நல்லா பேசினீங்களாம்பா."

"பாத்தியா," என்றார் அழகன். "உள்ளதச் சொன்னா எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்."

ஜெயலெட்சுமி மேடம் அந்த இடத்திலேயே கைப்பையைத் திறந்து அறைச் சாவியைக் கொடுத்தார்.

பிரேமினி படித்தது தமிழிலும் இங்கிலீஷிலும். அந்த இரண்டுக்கும் நடுவில் அப்பாவை நிறுத்திச் சுற்றிலும் கதவைச் சாத்திவிட்டதாக நினைத்திருந்தாள். அவருக்கு மூன்றாவதாக ஒரு மொழி இருந்தது அவள் நினைவுக்கே வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பெக்டரியில் சிங்கள மெக்கானிக்குகளோடும் லொறிக்காரர்களோடும் பேசிப் பழகிய சிங்களம், சிங்களக் கிராமத்துக்காரர்களே மெச்சும் சிங்களம்.

தேத்தண்ணி மேசையில் அந்த டிரைவர் அழகனுக்குக் கோப்பையை நீட்டினார். சுற்றுலாக்காரர்களோடு ஓடி ஓடி இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர். "ஹரி ஷோக், அங்கிள்," என்று சிங்களத்தில் பாராட்டினார். பிறகு சிங்களத்திலேயே, தாழ்ந்த குரலில், தன் தகப்பனும் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்தே செத்தார் என்றார். கடைசி வரை விட முடியவில்லை. "நீங்க எப்படி விட்டீங்க? லயத்துலேயே பெரிய குடிகாரனா இருந்தேன்னு மகள் சொன்னாளே. அத்தனை பேர் முன்னால ஒத்துக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்."

அழகன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "யார் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார். டிரைவர் தான் கேட்டதையெல்லாம் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். நல்ல மனிதர். ஒன்றையும் விடவில்லை.

மண்டபத்தின் மறு கோடியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பிரேமினி தலையை நிமிர்த்தியபோது அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் அவர் டிரைவரிடம் திரும்பிச் சொன்னது புரிந்தது.

"ஆமா மாத்தயா. விட்டுட்டேன்."

நோர்வூட் பஸ்ஸில் கூட்டம். டிக்கோயா தாண்டியதும்தான் அழகன் கேட்டார்.

"எப்ப எழுதின?"

"பதினஞ்சு வயசுல."

"நான் ஒரு பாரத்துல கையெழுத்து வெச்சேனே. அதுவா?"

"அதுதாம்பா."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. "செத்துப்போயிட்டேன்னு எழுதியிருக்கலாமேம்மா," என்றார். "அதுல ஒரு கேவலமும் இல்லியே."

"வேல வேணாம்னு நாளைக்கே சொல்லிடுறேன்பா."

"சொல்லிட்டு? ஒங்கம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க போயி படுக்கிறது? பஸ் ஸ்டாண்டுலயா?"

அந்த வாரமே மூன்று பேரும் அறைக்கு வந்துவிட்டார்கள். மீனம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கரண்ட் பிளக் இரண்டு இருக்கிறது, ஒழுகாத கூரை இருக்கிறது என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழகன் நேரத்துக்குக் கேட்டைத் திறந்தார், நேரத்துக்கு மூடினார். மகள் போட்டுக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

பிள்ளைகள் கேட்டைத் தாண்டும்போது தள்ளாடுவது போல் நடந்து காட்டினார்கள். "அங்கிள், இன்னைக்கு எத்தன போத்தல்?" என்றார்கள். லயத்தில் மற்றவர்களை இப்படிக் கேட்டுப் பழகிய அவர், பூட்டைச் சரிபார்க்கத் திரும்பிக்கொண்டார். பிரேமினி அதட்டினால் அவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையில் பயம் இல்லை. கேஷிகா நிலையத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்க பிரேமினி அவள் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வேன் வந்தபோது அழகன் யாரும் கூப்பிடாமல் கேட்டடியிலேயே தானாக முன்னால் வந்து நின்றார்.

"நான் சொல்றேன். நீ அப்படியே சொல்லு. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

"அப்பா..."

"குடிச்சுட்டு வந்து சோத்துச் சட்டியத் தூக்கி எறிவேன். சொல்லு."

சொன்னாள். அவர் வந்தவர்களைப் பார்க்கவில்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் பிடித்துவிடுவது போல்.

அதற்கடுத்த வேனுக்கு, "இவளப் போட்டு அடிப்பேன். பள்ளிக்கூடத்துக்கு வீங்கின முகத்தோட போவா," என்றார். அன்றைக்கு மீனம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னங்க இது? நீங்க எப்பங்க புள்ளைய அடிச்சீங்க?"

"நீ உள்ள போ."

"பாப்பா, என்னடி சொல்றாரு இவரு? நீயும் அதை அவங்களுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிற?"

"உள்ள போன்னு சொன்னேன்ல?" அந்தக் குரலை மீனம்மா முப்பது வருஷத்தில் கேட்டதில்லை. போய்விட்டாள்.

பிரேமினி அன்றைக்கு மேடத்திடம் போய் நின்றாள். இனி மொழிபெயர்க்க வேறு யாரையாவது வைக்கச் சொன்னாள். மேடம் கனிவாகவே கேட்டார்.

"அவர்தான் நீயே வேணும்ங்கிறாரே. வேற ஆள்னா பேசமாட்டாராம். பேசலன்னா அவர் எனக்கு வெறும் காவல்காரர். அறுபது வயசு ஆள எதுக்கு வெச்சிருக்கேன்னு கமிட்டி கேக்கும். யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். அறையில் மீனம்மா இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் வந்த வேனில் ஒரு இளம்பெண் இருந்தாள், கழுத்தில் பெரிய கமெரா. அழகன் அவளுக்காக நிதானமாகச் சொன்னார், ஒவ்வொன்றாக, மகள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து காத்திருந்து. கடைசியில், "ஒரு நாள் பீடியால இவ கையில சூடு வெச்சேன்," என்றார்.

பிரேமினி அதையும் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. மிகவும் தயங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தத் தழும்பைப் பார்க்கலாமா, படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டாள்.

"என்னங்குது அது?"

"தழும்பக் காட்டணுமாம்."

"காட்டு."

"அப்பா, எனக்கு ஏதுப்பா தழும்பு?"

"இருக்கு. சட்டைக் கையத் தூக்கு. எடது பக்கம்."

அவள் இடது கையின் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டினாள். அங்கே வட்டமாக, கொஞ்சம் குழி விழுந்த ஒரு தழும்பு இருந்தது. பிறந்த குழந்தைகளுக்குக் குத்தும் தடுப்பூசியின் தழும்பு. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவர் அழகன்தான்.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கமெராவைச் சரி செய்தாள்.

"அசையாம நில்லு," என்றார் அழகன். "எடுக்கட்டும்."